எல்லாரும் எறங்குங்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தம்மாவைப் பிடிக்காது. ஐந்தாறு வருஷம் பிடிக்காமல்தான் இருந்தது. அப்புறம் ஒரே நாளில் எல்லாம் மாறிப்போயிற்று. அந்த நாளைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் ஆளைச் சொல்ல வேண்டும்.

நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம், பெண்ணையாற்றுக்குத் தென்கரை. விழுப்புரம் போவதானாலும் திண்டிவனம் போவதானாலும் எங்கள் ஊர்க்காரன் ஆற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும். பாலம் கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர், மற்ற மாதமெல்லாம் மணல். தண்ணீராவது தேவலை, வராதே என்று தூரத்திலேயே சொல்லிவிடும். மணல் அப்படியில்லை. வா வா என்று கூப்பிட்டு, நடு ஆற்றில் வண்டியை உட்கார வைத்துவிடும். பஸ்ஸோ, லாரியோ, அதிகாரி ஜீப்போ, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

அப்படி உட்கார்ந்த வண்டியை இழுத்துக் கரையேற்றுவதுதான் அந்தம்மாவின் தொழில். மூன்று ஜோடி மாடு. பழைய மிலிட்டரி லாரியிலிருந்து கழற்றியதாகச் சொல்லப்பட்ட ஒரு இரும்புச் சங்கிலி. சக்கரத்துக்கு அடியில் போடத் தென்னங்கீற்று, நெம்பித் தூக்க நாலு மூங்கில் கழி. வேலைக்கு இரண்டு கொழுந்தன்மார், அவர்களோடு இன்னும் இரண்டு ஆள். கரையில் ஒரு புங்கமரம். கம்பெனி என்றால் அவ்வளவுதான்.

அந்தம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஆற்றோரத்துச் சேரியில் வீடு. அந்தச் சேரி ஆட்கள் எங்கள் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் அது. அதை இன்றைக்கு எழுதவே கூசுகிறது, அன்றைக்கு எங்கள் யாருக்கும் கூசவில்லை. அப்பேர்ப்பட்ட காலத்தில் எங்களையெல்லாம் வண்டியை விட்டு இறங்கச் சொன்ன ஒரே ஆள் அந்தம்மாதான்.

நடு ஆற்றில் வண்டி மாட்டிக்கொண்டால் மூன்று தடவை ஹாரன் அடிக்க வேண்டும். அவசரமே படாமல் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குனிந்து அச்சைப் பார்ப்பார். வாயிலிருக்கிற வெற்றிலையைத் துப்புவார். புடவை முந்தியை இழுத்து இடுப்பில் இறுக்கிச் சொருகுவார். அப்புறம் இரண்டு காலையும் கணுக்கால் முங்குகிற மட்டும் மணலில் புதைத்துக்கொண்டு நிற்பார். நின்று, ஒரே ஒரு வார்த்தை.

"எல்லாரும் எறங்குங்க சாமி."

எல்லாரும் என்றால் எல்லாரும். கிழவன், கிழவி, கைக்குழந்தை, ஒருத்தர் மிச்சமில்லை. டிரைவர்கூட சீட்டில் உட்காரக் கூடாது. ஃபுட்போர்டில் நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே ஒரு ஆள் இருந்தாலும் மாட்டைக் கட்ட மாட்டார்.

"இம்மாம் மூட்டைய வெச்சி இழுக்கற, நான் ஒருத்தன் உக்காந்தா கொறைஞ்சா பூடும்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மூட்டை கனக்காது டைவரே. மனுசன்தான் கனப்பான்" என்றார்.

திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன். அந்த நிற்கிற நிலையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காலைப் புதைத்துக்கொண்டு, இடுப்பில் முந்தியைச் சொருகிக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவு இல்லாமல். டிரைவர்கள் நாங்கள் சேர்ந்து 'எறங்கம்மா' என்று பெயர் வைத்தோம். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், அதைக் கேட்கிற புத்தி எங்களுக்கு இல்லை.

ஒரு தடவை ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து மாட்டிக்கொண்டார். மடியில் ஃபைல், காலில் பளபளவென்று பூட்ஸ். அந்தம்மா வழக்கம்போல் சொன்னதும் அவருக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது.

"நான் யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுங்க சாமி. தெரிஞ்சா கனம் கொறையுங்களா?"

பின்சீட்டில் இருந்த பியூன் ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். அதிகாரி கொஞ்ச நேரம் வெயிலைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இன்னொரு தடவை கல்யாண வேன். தாலி கட்டி முடித்து பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். புகுந்த வீட்டு வாசலில்தான் பெண் முதலில் கால் வைக்க வேண்டும், வழியில் இறங்கினால் ஆகாது என்று மாப்பிள்ளையின் அத்தை ஒரே ரகளை. அந்தம்மா காலைப் புதைத்தபடி நின்றார். கடைசியில் பெண்ணே கொலுசு சத்தத்தோடு தொப்பென்று குதித்து, "அத்தே, மணலு நல்லா சூடா இருக்குது, நீங்களும் வாங்க" என்றது. அந்த வேன் கரையேறியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தன்.

ஒரே ஒரு தடவைதான் மேலே ஒரு ஆளை வைத்துக்கொண்டு அந்தம்மா இழுத்தார். விழுப்புரத்திலிருந்து ஒரு பிணத்தை ஊருக்கு எடுத்து வந்த லாரி அது. சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர்களையும் 'எறங்குங்க' என்றார். துக்கத்தில் இருந்த ஒருத்தர் வெடித்துவிட்டார்.

"ஏன், பொணத்தையும் எறக்கிடட்டுமா?"

"அவரு இருக்கட்டும் சாமி. அவருக்கு இனிமே ஒண்ணும் ஆவாது. உசுரோட கீறவங்க மட்டும் எறங்குங்க."

இதை நான் திண்டிவனத்து டீக்கடையில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரித்தேனே தவிர, அந்தம்மா என்ன சொன்னார் என்று ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது மூத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டார், என்னை ஆளாக்கினது அண்ணன்தான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, என்னை லாரி பழக அனுப்பி, அண்ணனும் அப்பாவுமாக இருந்தார். நல்ல மனுஷன். ஆனால் வறட்டுக் கௌரவம் பார்ப்பதில் ஊரிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒரு பங்குனி மாசம். அண்ணனும் நானும் விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போகிறோம். நடு ஆற்றில் பஸ் உட்கார்ந்தது. அந்தம்மா வந்தார், சொன்னார். எல்லாரும் இறங்கினோம். அண்ணன் இறங்கவில்லை.

"அவ சொல்லி நான் எறங்கறதா?"

காலை பதினோரு மணி இருக்கும். மணல் அடுப்பாகக் காய்கிறது. டிரைவர் கெஞ்சினார், கண்டக்டர் கெஞ்சினார், நான் கெஞ்சினேன். ஒரு கிழவி "ஏம்பா, ஒன் ஒருத்தனால நாங்க அத்தினி பேரும் காயறமே" என்று திட்டினாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. அந்தம்மா மாடுகளை பஸ் நிழலில் படுக்க வைத்துவிட்டு அதே இடத்தில் நின்றார். இரண்டு பேரில் யார் முதலில் அசைவது என்று பார்த்துக்கொண்டு நாற்பது பேர் வெயிலில் கிடந்தோம்.

மூன்று மணிக்கு அண்ணன் எழுந்தார். "ஒண்ணுக்குப் போவணும். அவ சொல்லி ஒண்ணும் எறங்கல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத் தூரத்து நாணல் புதர் வரைக்கும் போனார். அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் மாடு பூட்டியாயிற்று, கீற்று போட்டாயிற்று, "ஹோய்" என்று ஒரு குரல், பஸ் கரையேறிவிட்டது. அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்தடித்து ஓடிவந்ததை ஊரே பார்த்தது. சிரிக்காதவன் நான் ஒருத்தன்தான், அதுவும் பயத்தால்.

"நான் எங்க எறக்கனேன்? அவராதான் எறங்கினாரு" என்று அந்தம்மா புங்கமரத்தடியில் சொன்னதாக மறுநாள் கேள்வி.

அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷம் அண்ணன் அந்தத் துறைப் பக்கமே வரவில்லை. விழுப்புரம் போக வேண்டுமென்றால் பல மைல் சுற்றி, வேறொரு துறையில் ஆற்றைக் கடந்து போவார். எனக்கும் அந்தம்மாமேல் ஆத்திரம். என் அண்ணனை நாலு பேர் சிரிக்கும்படி ஆக்கியவள் என்று மனசில் கறுவிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது.

மண்டிக்கு ஏற்ற வேண்டிய மல்லாட்டை மூட்டைகளை முந்தின நாளே லாரியில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். காலையில் அண்ணனுக்கு வயிற்று வலி. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது, மனுஷன் சொல்லவில்லை. கம்பவுண்டர் வந்து வலது பக்கம் கை வைத்ததும் அண்ணன் அலறிவிட்டார். கம்பவுண்டர் முகம் மாறிப்போயிற்று. "குடல்வால். இன்னிக்கே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கிக் கொண்டும்பூடுங்க. உள்ள வெடிச்சிட்டா ஆளு தங்காது. ஒடம்ப அசைக்காம கொண்டும்போங்க" என்றார்.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் லாரியில் கூட்டிப்போயிருக்க வேண்டும். இறக்க நேரமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது: அண்ணனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அப்படியே சரக்கைத் திண்டிவனத்தில் சேர்த்துவிடலாமே, ஒரே நடையில் இரண்டு வேலை. மூட்டைக்கு மேல் வைக்கோல் போட்டு, மெத்தை விரித்து அண்ணனைப் படுக்க வைத்தோம். இந்தப் புத்தியை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அத்தனை பாரத்தோடு ஆற்றில் இறங்கினால் என்ன ஆகும்? நடு மணலில் பின்சக்கரம் அச்சு வரைக்கும் போய்விட்டது. ஹாரனை மூன்று தடவை இல்லை, முப்பது தடவை அடித்திருப்பேன். அந்தம்மா வந்தார். அன்றைக்கு மட்டும் வேகமாக வந்தார்.

"மேல யாரு?"

"எங்க அண்ணன். வயித்துல குடல்வாலு. அசைக்கக் கூடாது, அசைச்சா வெடிச்சிடும். ஜல்தி மாட்டக் கட்டு!"

அந்தம்மா லாரியைச் சுற்றி வந்தார். அது இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்ததைக் குனிந்து பார்த்தார். ஒரு கொழுந்தனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொல்ல, அவன் வடகரையைப் பார்த்து ஓடினான். முந்தியைச் சொருகினார். காலை மணலில் புதைத்தார்.

"எறக்கு டைவரே."

"அசைச்சா செத்துடுவார்னு சொல்றேன், காதுல விழல?"

"எறக்கு."

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்தம்மாவின் சாதியைச் சேர்த்துச் சொன்ன வார்த்தை. எழுத மாட்டேன். சொல்லிக்கொண்டே கையை ஓங்கிவிட்டேன். இன்னொரு கொழுந்தன் கழியைத் தூக்கினான். அந்தம்மா அவனைக் கையால் நிறுத்தினார். முகத்தில் அப்போதும் ஒரு அசைவு இல்லை.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. முனகலாகத்தான் வந்தது.

"டேய்... என்ன எறக்குடா."

"அண்ணே!"

"எறக்குடா... அந்தம்மா சொன்னா சொன்னதுதான். எனக்குத் தெரியாதா?"

வெயிலில் நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த மனுஷன் அல்லவா.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. அந்தம்மா இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து இரண்டு மூட்டையின் தையலை அறுத்தார். மல்லாட்டை மணலில் கொட்டியது. "மண்டிச் சரக்கு!" என்று கத்தினேன் நான். அந்த நேரத்திலும் கத்தினேன் பாருங்கள். "கொட்டனா பொறுக்கிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கோணிகளின் அடிமுனைகளைக் கிழித்து, இரண்டு மூங்கில் கழிகளை உள்ளே நுழைத்தார். படுக்கை தயார். அண்ணனை மெத்தையோடு தூக்கி, ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கி அதில் கிடத்தினார்கள். ஓடினவனும் அதற்குள் திரும்பியிருந்தான். நாலு பேர் தோளில் எடுத்தார்கள். எங்கள் தெருவுக்குள் செருப்போடு வர முடியாத நாலு பேர். அண்ணன் ஒரு கையால் முன்னால் போகிறவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

லாரியைக் கிளீனரிடம் விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். மணலில் அவர்கள் நடந்த வேகத்துக்கு என்னால் ஓட முடியவில்லை. வடகரையில் விழுப்புரம் பஸ் கிளம்பாமல் நின்றது. காதில் சொல்லி அனுப்பியது அதற்குத்தான். பின்வரிசை சீட்டுக்காரர்களெல்லாம் தாங்களாகவே இறங்கி நின்று இடம் விட்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை. அப்பாடா என்று அழுதேன்.

மறுநாள் ஆற்றுக்குப் போனேன். லாரி புங்கமரத்தடியில் நின்றது. பக்கத்தில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. என் கிளீனர், நாற்பது வயது ஆள், வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது இழுப்புல சங்கிலி அறுந்துடுச்சிப்பா" என்றார். "லாரி பின்னால போயி அப்பிடியே இடது பக்கம் சாஞ்சிது. நான் ஃபுட்போர்டுலருந்து குதிச்சிட்டேன். மேல் மூட்டை அத்தினியும் மணல்ல. ஒங்க அண்ணன் படுத்துக்கினு இருந்த இடத்துல ஒரு மூட்டை இல்ல."

மெதுவாக அந்தம்மாவிடம் போனேன். அவர் முறத்தில் மல்லாட்டையைப் புடைத்துக்கொண்டிருந்தார், கொட்டியதைப் பொறுக்கிச் சேர்த்தது.

"பெரியவரு எப்பிடிக் கீறாரு?"

"நல்லா இருக்காரும்மா."

"அது போதும். மல்லாட்டையில மண்ணு இருக்கும், இன்னொரு தபா பொடைச்சிக்கோ."

"நேத்து நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன்..."

"தெனம் ஒண்ணு கேக்கறேன். நீ மட்டுமா சொன்ன?" முறத்தைக் கீழே வைத்தார். அப்புறம் தானாகவே சொன்னார்.

"இது என் வூட்டுக்காரரு தொழிலு. மாடு அவரு பேச்சக் கேக்கும். மனுசங்கிட்டதான் அவருக்கு வாயி வராது. ஒரு நாளு பெரிய வூட்டுக்காரங்க வண்டி மாட்டிக்கிச்சி. குடும்பத்தோட மேல உக்காந்துக்கினு இருக்கறாங்க. எறங்கச் சொல்லணும்னு அவருக்குத் தெரியும். பயந்துக்கினு சொல்லல. அப்பிடியே இழுத்தாரு. சங்கிலி அறுந்து வண்டி சாஞ்சிடுச்சி. ஒரு கொழந்த, நாலு வயசு, அடியில மாட்டிக்கிச்சி."

நான் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவர அடிச்சிப்போட்டாங்க. அடி தாங்கிக்கினாரு. கொழந்தையதான் தாங்க முடியல. எங்கியோ போனவரு போனவருதான். மாடு நிக்குது, எனக்கு வேற பொழப்பு கெடையாது. வாயத் தொறந்து சொல்றதுன்னா இத செய்யி, இல்லன்னா மாட்ட வித்துடுன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்."

"எப்பிடிம்மா அவ்ளோ தைரியமா சொல்றே, எங்களாட்டம் ஆளுங்ககிட்ட?"

அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் தடவை அவர் சிரித்துப் பார்த்தேன்.

"தைரியமா? நல்லா சொன்ன போ. ஒவ்வொரு தபாவும் காலு வெடவெடன்னு நடுங்குது. வெளிய தெரியக் கூடாதுன்னுதான் மணல்ல பொதைச்சிக்கினு நிக்கறேன்."

அன்றைக்குத்தான் அந்தம்மாவை எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்தது என்பதைவிட வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் திமிர் என்று நினைத்துக்கொண்டு நான் பார்த்ததெல்லாம் அந்த நடுக்கத்தைத்தான்.

அண்ணன் உடம்பு தேறி ஊருக்குத் திரும்பியபோது, ஆற்றில் வண்டி மாட்டாமலே நிறுத்தச் சொல்லி இறங்கினார். புங்கமரத்தடிக்குப் போய் நின்றார். "சங்கிலி புதுசா வாங்கியாச்சா?" என்றார் அண்ணன். "ஆச்சிங்க" என்றார் அந்தம்மா. அண்ணன் திரும்பி வந்துவிட்டார்.

சில வருஷம் கழித்துப் பாலம் கட்டினார்கள். தொழில் போயிற்றே என்று நான்தான் அந்தம்மாவிடம் வருத்தப்பட்டேன். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கினு போறம். மாடு ரோட்டுல நடக்குது, நானும் ரோட்டுல நடக்கறேன். பாலம் கட்டனவன் நல்லா இருக்கணும்" என்றார்.

பாலம் திறந்த புதிதில் ஒரு நாள் அண்ணனும் நானும் விழுப்புரம் பஸ்ஸில் போனோம். நல்ல கூட்டம். ஆற்றங்கரை ஸ்டாப்பில் அந்தம்மா ஏறினார். வாசல் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் சரிவில் திரும்பியது. ஆறு கண்ணில் பட்டதுதான் தாமதம், பஸ் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம். கூடையைத் தலைக்குத் தூக்கியவர்கள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தவர்கள், குழந்தையை இடுப்பில் ஏற்றியவர்கள். முதலில் எழுந்தது என் அண்ணன்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கத்தினார். "இன்னாய்யா எல்லாரும் எழுந்துக்கினீங்க? இது பாலம்யா, பாலம்!"

ஒருத்தரும் உட்காரவில்லை. எல்லாரும் வாசல் பக்கம் நின்ற அந்தம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தம்மாவுக்கும் கை தன்னால் முந்திக்குப் போயிற்று. இழுத்துச் சொருகினார். கால் மணலைத் தேடியது. கீழே பஸ்ஸின் பலகைதான் இருந்தது.

"எல்லாரும் உக்காருங்க" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. சிரித்துக்கொண்டே கூடையை இறக்கி, செருப்பை மாட்டி, எல்லாரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களும்தான் சாமி. உக்காருங்க."

"நீ வந்து இங்க உக்காரும்மா" என்றார் அண்ணன். "நான் நின்னுக்கறேன்."

அந்தம்மா அண்ணனைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் ஓரமாக நகர்ந்து இடம் விட்டேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் பாலத்தில் ஏறியது. கீழே மணல் வெள்ளையாகக் கிடந்தது. அந்தம்மா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு காலையும் நன்றாக நீட்டிக்கொண்டு, "அப்பாடா" என்றார்.